அறுநூறு ஆண்டுப் பழைய சாஸும் கொல்லைப்புறத்து மஸ்கடைனும்

வட கரோலினாவிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். வீட்டுக் கொல்லையில் மஸ்கடைன் என்ற தடித்த தோல் திராட்சைக் கொடி காய்த்துக் கொட்டுகிறது, வேலிக்கு அப்பால் காட்டோரத்தில் மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாகக் கருப்புத் திராட்சையும் தொங்குகிறது. கையில் இருப்பது மூடி போட்ட ஒரு கரி கிரில். 1390 வாக்கில் இங்கிலாந்து அரண்மனைச் சமையல்காரர்கள் எழுதிவைத்த ‘சாஸ் மேடம்’ என்ற கூஸ் (வாத்து இனத்துப் பெரிய பறவை) கறியை இவற்றை வைத்துச் செய்யலாமா, திராட்சைக்குப் பதில் திராட்சை என்று அப்படியே மாற்றிப் போடலாமா என்பது கேள்வி. ‘போடலாம்’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம்தான். ஆனால் கேள்விக்குள் இருப்பது வேறு என்று நினைக்கிறேன். அந்தப் பழைய சமையல்காரர் திராட்சையிடம் என்ன வேலை வாங்கினார், அந்த வேலையை அமெரிக்க மண்ணின் திராட்சை செய்யுமா என்பதுதான் தெரிய வேண்டியது.

நான் சமையல் படித்தவன், மொழி வரலாறு படித்தவன் இல்லை. அமெரிக்காவின் தென்பகுதியில் கரி அடுப்புக்கு முன்னால் பல வருடம் நின்ற அனுபவத்தில் சொல்கிறேன். இந்தச் செய்முறையை ஐந்தாறு தடவை செய்திருக்கிறேன், முதல் தடவை படுமோசமாக. மஸ்கடைன், கான்கார்ட், காட்டுத் திராட்சையில் ஒரு வகை, இவை மூன்றும் என் கையில் பட்டவை. டெக்சஸ் பக்கத்து முஸ்டாங் திராட்சையை நான் இதற்குப் பயன்படுத்தியதில்லை. அதன் புளிப்பு கையையே அரிக்கும் என்பதால், அது வைத்திருப்பவர்கள் நான் சொல்லும் அளவுகளை நம்ப வேண்டாம்.

முதலில் செய்முறை என்ன சொல்கிறது என்று பார்ப்போம். இது இருப்பது ‘ஃபார்ம் ஆஃப் கியூரி’ என்ற தொகுப்பில். இரண்டாம் ரிச்சர்ட் மன்னரின் தலைமைச் சமையல்காரர்கள் தொகுத்தது. அந்தப் பெயரை வைத்தவர் 1780இல் அதை அச்சிட்ட சாமுவேல் பெக். செய்முறை இப்படிப் போகிறது. சேஜ், பார்ஸ்லி, ஈசோப்பு, சேவரி என்ற நான்கு இலைகள், குயின்ஸ் (ஆப்பிளின் சொந்தக்காரப் புளிப்புப் பழம்), பேரிக்காய், பூண்டு, திராட்சை ஆகியவற்றைக் கூஸின் வயிற்றில் அடைத்து, கொழுப்பு வெளியே போகாதபடி வாயைத் தைத்து, நன்றாகச் சுட வேண்டும். சுடும்போது சொட்டும் கொழுப்பைச் சேர்த்துவைக்க வேண்டும். வெந்ததும் பறவையைத் துண்டு போட்டு, உள்ளே இருந்ததை எடுத்துச் சின்னச் சட்டியில் போட்டு, கொழுப்பும் ‘காலிண்டைன்’ சாஸும் சேர்த்து, கெட்டியாக இருந்தால் ஒயின் ஊற்றி, அரத்தைத் தூள், ‘பவுடர் டூஸ்’ என்ற இனிப்பு மசாலா, உப்பு போட்டுக் கொதிக்கவைத்துக் கறியின் மேல் ஊற்ற வேண்டும். அவ்வளவுதான். எவ்வளவு, எத்தனை நேரம் என்று ஓர் எண்கூடக் கிடையாது. ஆகவே நானோ வேறு யாரோ கொடுக்கும் அளவு எதுவும் எங்கள் நாக்கின் அளவுதான், ரிச்சர்டின் அளவு இல்லை.

இதைப் படித்தவர்கள் பெரும்பாலும் திராட்சையைச் சுலபமாக மாற்றிவிடலாம், நெருப்புதான் பிரச்சினை என்று நினைத்துவிடுகிறார்கள். அது தலைகீழ். நெருப்பு விஷயத்தில் உங்கள் கிரில் அந்தக் காலத்துக்கு வீட்டு ஓவனைவிட நெருக்கமானது. அன்று ‘ரோஸ்ட்’ என்றால் மூடிய அடுப்பில் வைப்பதில்லை. கம்பியில் கோத்து, எரியும் நெருப்புக்குப் பக்கவாட்டில் நிறுத்தி, சுற்றிக்கொண்டே இருப்பார்கள். நெருப்புக்கு நேர் மேலே இல்லை, பக்கத்தில். கறிக்குக் கீழே தட்டு வைத்து உருகும் கொழுப்பைப் பிடிப்பார்கள். கரியை ஒரு பக்கமாக ஒதுக்கி, மறுபக்கம் தட்டை வைத்து, அதற்கு மேல் கூஸை வைத்து மூடினால் கிட்டத்தட்ட அதே வேலைதான். சாஸ் கொதித்த சின்னச் சட்டிக்குக்கூடப் பெரும்பாலும் மூன்று கால்கள் இருக்கும், தணலிலேயே நிற்கவைப்பதற்காக. உங்கள் கிரில்லின் கரி இருக்கும் பக்கம் அதற்கான இடம்.

என் முதல் முயற்சி ஏன் கெட்டது என்றால், நான் இதை யோசிக்கவே இல்லை. கூஸைக் கோழி மாதிரி நினைத்துக்கொண்டு கரிக்கு நேர் மேலே வைத்தேன். கூஸின் தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பு கொஞ்சநஞ்சமல்ல, ஒரு பறவையிலிருந்து அரை லிட்டருக்கு மேல் எடுக்கலாம். கால் மணி நேரத்தில் கிரில் தீப்பந்தமாகிவிட்டது. வெளியே கரி, உள்ளே பச்சை. கொழுப்பு எரிந்த புகை கறியில் கசப்பாக ஒட்டிக்கொண்டது, அப்புறம் எந்தச் சாஸும் அதைக் காப்பாற்றவில்லை. எனவே கரி ஒரு பக்கம், பறவை மறு பக்கம், நடுவில் தட்டு. தட்டில் ஒரு விரற்கடை தண்ணீர் இருந்தால் கொழுப்பு கருகாது. தோலை மட்டும் (சதை வரை போகாமல்) ஊசியால் அங்கங்கே குத்திவிடுங்கள். மூடிக்குள் 165 முதல் 175 டிகிரி செல்சியஸ் வரை பிடித்துவைத்தால், ஐந்து கிலோ பறவைக்கு மூன்று மணி நேரம் போல ஆகும். முக்கால் மணிக்கு ஒரு தடவை கரி சேர்க்க வேண்டும். நேரத்தை நம்பாமல் தொடையின் தடித்த இடத்தில் வெப்பமானியைச் செருகிப் பாருங்கள். பறவை இறைச்சிக்கு அமெரிக்க வேளாண் துறை சொல்லும் அளவு 74 டிகிரி.

அடுத்தது வயிற்றில் அடைப்பது. இதில் பழைய முறையை விட்டுவிடச் சொல்கிறேன், தயங்காமல். பழமும் பூண்டும் அடைத்த பறவையின் நடுப்பகுதி சூடாக வெகு நேரம் எடுக்கும். கிருமி பெருகக்கூடிய மிதமான சூட்டில் அந்த அடைசல் நீண்ட நேரம் கிடக்கிறது. வெளியே கறி காய்ந்துபோனாலும் உள்ளே 74 வந்திருக்காது. மிதமான சூட்டில் புகையூட்டும் பறவையை அடைக்காதீர்கள் என்று வேளாண் துறையும் சொல்கிறது. கரி கிரில்லில் சூடு ஏறி இறங்கும் என்பதால் எனக்கும் அதே கருத்துதான். ஆனால் சும்மா விட்டுவிட்டால் ருசியில் ஒரு முக்கியமான விஷயம் போய்விடும். தைத்து மூடிய வயிற்றுக்குள் அந்தப் பழங்கள் மூன்று மணி நேரம் கூஸின் கொழுப்பிலும் சாற்றிலும்தான் வெந்தன. அதைத் திரும்பக் கொண்டுவர, தட்டில் சேரும் கொழுப்பில் மூன்று பெரிய கரண்டி எடுத்து, எனாமல் அல்லது எவர்சில்வர் சட்டியில் ஊற்றி, பழங்களை அதில் வதக்குங்கள். வார்ப்பிரும்புச் சட்டி வேண்டாம். இந்தத் திராட்சைகளின் புளிப்பு இரும்போடு சேர்ந்தால் சாஸ் கறுத்து, ஆணியை நக்கிய ருசி வரும். வயிற்றுக்குள் வெறும் சேஜ் கொத்தும் நசுக்கிய பூண்டும் போட்டால் போதும், வாசனைக்கு.

சரி, இப்போது திராட்சை. சாஸ் மேடத்தில் திராட்சை இனிப்புக்காகப் போட்டது இல்லை என்பது என் கருத்து. கூஸ் கொழுப்பு நாக்கில் படர்ந்து மந்தமாக உட்கார்ந்துகொள்ளும். அதை அறுப்பதற்குப் புளிப்பு வேண்டும். குயின்ஸ், வினிகர் கலந்த காலிண்டைன், ஒயின், திராட்சை எல்லாமே அந்தப் பக்கம்தான் நிற்கின்றன. இதற்கு எனக்குக் கிடைத்த நல்ல துணைச் சாட்சி, வேடிக்கையாக, கேள்வி கேட்டவர் வசிக்கும் மாநிலத்திலிருந்தே வருகிறது. 1585இல் இன்றைய வட கரோலினாவின் ரோனோக் தீவுக்கு வந்த தாமஸ் ஹாரியட் 1588இல் வெளியிட்ட அறிக்கையில், இந்த மண்ணில் தானாக விளையும் திராட்சை இரண்டு வகை என்கிறார். ஒன்று சிறியது, புளிப்பானது, இங்கிலாந்தில் இருப்பது போன்ற சாதாரண அளவு. மற்றது மிகப் பெரியது, தேனாக இனிப்பது. பெரியது மஸ்கடைன்தான் என்பது பொதுவாக எல்லோரும் ஏற்றுக்கொண்டது. ‘இங்கிலாந்தில் இருப்பது போன்ற’ என்பது அளவை மட்டும் குறிக்கிறதா, புளிப்பையும் சேர்த்தா என்பதில் வாதத்துக்கு இடம் உண்டு. செய்முறைக்கும் ஹாரியட்டுக்கும் நடுவே இருநூறு ஆண்டு இடைவெளியும் இருக்கிறது. இருந்தாலும், இங்கிலாந்துக்காரர் ஒருவருக்குத் தன் ஊர்த் திராட்சையை நினைவூட்டியது சின்னப் பழம்தான், பெரிய இனிப்புப் பழம் இல்லை.

அப்படிப் பார்த்தால் உங்கள் கொல்லையில் கொட்டும் மஸ்கடைனைவிட, வேலிக்கு அப்பால் தொங்கும் காட்டுத் திராட்சைதான் இந்தச் சாஸுக்குச் சரியான பழம். ஆனால் அதற்குக் கை நீட்டுவதற்கு முன் ஒன்று. அதே காட்டில், அதே மாதிரி கொத்தாக, அதே கருநீலத்தில் ‘மூன்சீட்’ என்ற கொடி காய்க்கும். அது நஞ்சு. பழத்தைப் பிதுக்கிப் பாருங்கள். திராட்சையில் பேரிக்காய் வடிவச் சின்ன விதைகள் இரண்டு முதல் நான்கு வரை இருக்கும். மூன்சீடில் பிறை நிலா மாதிரி வளைந்த, தட்டையான ஒரே விதை. திராட்சைக் கொடியில் பற்றுக்கம்பி உண்டு, இலை ஓரத்தில் பல் உண்டு. மூன்சீடில் இரண்டும் கிடையாது. இரண்டு கொடியும் பின்னிக்கொண்டு ஏறும் என்பதால், ஒரு கொத்தைச் சோதித்துவிட்டு மரத்தையே உலுக்கக் கூடாது, கொத்துக்குக் கொத்து பார்க்க வேண்டும். சந்தேகம் வந்தால் மஸ்கடைனோடு நிறுத்திக்கொள்ளுங்கள், சாஸ் ஒன்றும் கெட்டுவிடாது.

கடையில் கிடைக்கும் கான்கார்ட் போடலாமே என்று கேட்கத் தோன்றும். அது மாசசூசெட்ஸில் எஃப்ரெயிம் புல் என்பவர் 1849இல் தேர்ந்தெடுத்த செடி, லப்ரூஸ்கா என்ற அமெரிக்கத் திராட்சை வழி வந்தது. அந்த இனத்துக்கென்று ஒரு தூக்கலான வாசனை உண்டு, பெங்களூர் ப்ளூ தின்றவர்களுக்குச் சட்டென்று புரியும், அதுவும் இதே வழி வந்ததுதான். அந்த வாசனைக்கு முக்கியக் காரணம் மெத்தில் ஆந்த்ரனிலேட் என்ற பொருள். அமெரிக்காவில் வளர்ந்தவர்களுக்கு அது ‘திராட்சை மிட்டாய்’ வாசனை. கூஸ் கொழுப்போடு அது சேரும்போது கறிக்குள் யாரோ குளிர்பானத்தைக் கொட்டிவிட்டது போல இருக்கும். கால் பங்குக்கு மேல் போடாதீர்கள் என்பது என் அனுபவம். பிடித்தவர்களும் இருப்பார்கள், நாக்கு அவரவருடையது.

மஸ்கடைனுக்கு வருவோம். இது மற்றத் திராட்சைகளுக்குத் தூரத்துச் சொந்தம். அவற்றுக்கு 38 குரோமோசோம், இதற்கு 40. சமையலுக்கு அதைவிட முக்கியம் அதன் தோல். ஒயினுக்கும் தின்பதற்கும் ஐரோப்பாவில் வளர்க்கும் திராட்சையில் தோல் சதையோடு ஒட்டியிருக்கும், வேகும்போது இரண்டும் சேர்ந்தே குழையும். மஸ்கடைனை அமுக்கினால் சதை வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிடும், தோல் செருப்புத் தோல் மாதிரி கையில் நிற்கும். அப்படியே முழுசாகப் போட்டு வேகவைத்தால், சதை கரைந்து காணாமல் போன பிறகும் தோல் பாதி வெந்துதான் இருக்கும். விதை வேறு பெரிது. அவசரத்தில் எல்லாவற்றையும் மிக்ஸியில் போட்டு அடித்துவிடாதீர்கள். விதை உடைந்தால் வரும் கசப்பை எதை ஊற்றினாலும் எடுக்க முடியாது.

இதற்குத் தென்பகுதிப் பாட்டிமார்கள் எப்போதோ வழி கண்டுபிடித்துவிட்டார்கள். அங்கே மஸ்கடைன் தோலை வைத்தே ‘பை’ (pie) என்ற மாவுப் பண்டம் செய்வார்கள், அந்தக் கைப்பழக்கம்தான் நமக்கு வேண்டியது. ஒவ்வொரு பழமாகப் பிதுக்கி, சதையை ஒரு சட்டியிலும் தோலை இன்னொன்றிலும் போடுங்கள். சதையை எட்டு நிமிடம் போலச் சூடாக்கினால் விதை தளர்ந்துவிடும், சல்லடையில் கரண்டியால் தேய்த்து வடித்துக்கொள்ளுங்கள். தோலைக் கொஞ்சம் தண்ணீரும் ஒயினும் ஊற்றி இருபது நிமிடம் மூடி வேகவிட்டு, மெத்தென்று ஆனதும் கத்தியால் பொடியாக நறுக்குங்கள். நிறம், துவர்ப்பு, வாசனை எல்லாம் தோலில்தான் இருக்கிறது, அதைத் தூக்கி எறிந்தால் மஸ்கடைன் போட்டதற்கே அர்த்தமில்லை. காட்டுத் திராட்சையானால் இவ்வளவு பாடு கிடையாது. முழுசாக வேகவைத்து, நசுக்கி, வடித்துவிட்டால் போதும். அந்தச் சாறை ஒரு இரவு ஃபிரிட்ஜில் வைத்தால் அடியில் மணல் மாதிரி டார்டாரிக் உப்பு படியும், மேலாக ஊற்றி எடுத்துக்கொண்டால் முகம் சுளிக்கவைக்கும் புளிப்பு கொஞ்சம் குறையும். ஒன்று கவனியுங்கள், அமெரிக்கத் திராட்சைகளில் ஜாமைக் கெட்டியாக்கும் பெக்டின் என்ற பொருள் அதிகம். சாஸ் சூட்டில் தண்ணீராகத் தெரிந்தாலும் ஆறியதும் ஜாம் ஆகிவிடும். அடுப்பிலேயே கெட்டியாக்கிவிடாமல், கரண்டியிலிருந்து ஓடும் பதத்தில் இறக்குங்கள்.

ஐந்து கிலோ கூஸுக்கு நான் எடுப்பது: மஸ்கடைன் 600 கிராம் (அதில் மூன்றில் ஒரு பங்கு இன்னும் சரியாகப் பழுக்காததாக இருந்தால் நல்லது, புளிப்பு அங்கிருந்து வரும்), பெரிய குயின்ஸ் ஒன்று, கெட்டியான பேரிக்காய் இரண்டு, பூண்டு எட்டுப் பல், சேஜ் பத்து இலை, பார்ஸ்லி ஒரு கைப்பிடி, சேவரி ஒரு தேக்கரண்டி. ஈசோப்பு கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள், அதற்காக ஊரெல்லாம் அலைய வேண்டாம். குயின்ஸ் கல் மாதிரி இருக்கும், அதைப் பொடியாக நறுக்கிக் கொழுப்பில் முதலில் போட்டு மூடி அரை மணி நேரமாவது வேகவிட வேண்டும். பேரிக்காயும் பூண்டும் அடுத்து, இலைகள் அதற்கப்புறம், திராட்சை கடைசிப் பத்து நிமிடத்தில். பழைய செய்முறையில் திராட்சை ஆரம்பத்திலிருந்தே உள்ளே இருந்தது, நான் கடைசிக்குத் தள்ளுகிறேன். தோலைத் தனியாக வேகவைத்துவிட்டதால் இனி அதற்கு நேரம் தேவையில்லை, மஸ்கடைனின் மணமும் நீண்ட கொதிப்பில் ஜாம் வாசனையாக மங்கிவிடும்.

காலிண்டைன் என்ன என்பதை நல்லவேளையாக அதே தொகுப்பே சொல்கிறது: ரொட்டியின் மேலோட்டை இடித்து, அரத்தை, பட்டை, சுக்குத் தூள், உப்பு சேர்த்து, வினிகரில் கரைத்து வடிகட்டுவது. அதாவது ரொட்டிதான் சாஸைக் கெட்டிப்படுத்துகிறது. கிரில்லிலேயே சுட்டெடுத்த ரொட்டி ஓடு 50 கிராம், வினிகர் 100 மில்லி, மூன்று தூளும் அரைத் தேக்கரண்டி வீதம் போதும். அரத்தை என்றால் எது என்று கேட்டால், அன்று ஐரோப்பாவுக்குப் போனது பெரும்பாலும் சித்தரத்தை. சளிக்குக் கஷாயம் போடுவோமே, அதேதான். தாய்லாந்துக் கடையில் கிடைக்கும் பெரிய கிழங்கு பேரரத்தை, வாசனை கொஞ்சம் வேறு. நாட்டு மருந்துக் கடையிலிருந்து யாராவது கொண்டுவந்து கொடுத்த சித்தரத்தை வீட்டில் இருந்தால், இந்த விஷயத்தில் நீங்கள் பக்கத்து வீட்டு அமெரிக்கரைவிடப் பழைய அரண்மனைக்கு நெருக்கமாக இருக்கிறீர்கள். பவுடர் டூஸ் அவ்வளவு தெளிவில்லை. பட்டை, சுக்கு, கிராம்பு, ஜாதிக்காய் என்று ஆளுக்கொரு கலவை, பெரும்பாலும் சர்க்கரையோடு. மஸ்கடைன் போடும்போது அந்தச் சர்க்கரையை நான் முழுசாக விட்டுவிடுகிறேன். காட்டுத் திராட்சையானால் ஒரு தேக்கரண்டியில் ஆரம்பித்து ருசி பார்த்துப் போடுங்கள்.

சாஸைக் கறியின் மேல் பூசிச் சுடலாமா என்ற ஆசை கிரில் வைத்திருக்கும் எல்லோருக்கும் வரும். செய்முறை அதைச் சொல்லவில்லை, தட்டில் வைத்த பிறகு மேலே ஊற்றத்தான் சொல்கிறது. பழச் சர்க்கரை நேர் தணலில் சீக்கிரம் கருகிவிடும். அப்படியும் பூச வேண்டுமென்றால், வடித்த சதைச் சாறை மட்டும், கடைசிப் பத்து நிமிடத்தில், கரி இல்லாத பக்கத்தில் வைத்தே பூசுங்கள்.

விறகு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் விட முடியாது. பிரான்ஸின் போர்டோ பக்கம் கத்தரித்த திராட்சைக் குச்சிகளை எரித்து மாட்டிறைச்சி சுடுவார்கள், அருமையாக இருக்கும். அதை நினைத்துக்கொண்டு காட்டில் கிடக்கும் காய்ந்த கொடியைப் பொறுக்கி வந்து போட்டுவிடாதீர்கள். அது பாய்சன் ஐவி என்ற, தொட்டாலே தோல் புண்ணாகும் கொடியாக இருக்கலாம். நம் சேங்கொட்டை இருக்கும் அதே குடும்பம், காய்ந்த பிறகும் அதன் எண்ணெய் சாகாது, புகையோடு உள்ளே போனால் நுரையீரலே புண்ணாகும். உங்கள் கொல்லைக் கொடியில், மருந்து அடிக்காத பருவத்தில், நீங்களே கத்தரித்துக் காயவைத்த குச்சி என்றால் மட்டும் கரியின் மேல் ஒரு கைப்பிடி போடுங்கள்.

கடைசியாக ஒரு யோசனை. கூஸ் விலை அதிகம், முதல் தடவையே அதில் கை வைக்காதீர்கள். தோலோடு கூடிய வாத்துக்காலோ கோழித்தொடையோ வாங்கி, அதே ஒதுக்கிய கரியில் சுட்டு, சாஸில் கால் பங்கு மட்டும் செய்து பாருங்கள். கோழியில் கொழுப்பு குறைவு என்பதால் அதற்கு இந்தச் சாஸ் புளிப்பாகத்தான் தெரியும், அங்கே சர்க்கரையைக் கூட்டிவிட வேண்டாம். அதே சாஸ் கூஸ் கொழுப்போடு சேரும்போதுதான் சமனாகும். மஸ்கடைன் ஆகஸ்ட் கடைசியிலிருந்து அக்டோபர் வரை வரும், உங்கள் ஊர்க் கடைகளில் கூஸ் பெரும்பாலும் டிசம்பரில்தான் கண்ணில் படும். ஆகவே தோலையும் வடித்த சதையையும் தனித்தனியாக இப்போதே ஃபிரீசரில் போட்டுவையுங்கள், இரண்டும் அதுவரை நன்றாகவே தாங்கும்.